விழும் இடத்துக் கணக்கு

உயரம் தாண்டுதலுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் தாண்டிய உயரம். இரண்டாவதில், தாண்டியவர் எதன்மேல் விழுந்தார் என்பது: மணலா, மரத்தூளா, நுரை மெத்தையா. சாதனைப் புத்தகங்கள் முதல் கட்டத்தை மட்டுமே அச்சிடுகின்றன. ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளித் திடலில் மூங்கில் கழியைத் தாண்டி மணலில் விழுந்து வளர்ந்தவன் நான். பிறகு முப்பது ஆண்டுகள் அதே மாதிரி மணலில் பிள்ளைகளை விழ வைத்தவனும் நான்தான். இரண்டாவது கட்டத்தை மூடிவிட்டு முதல் கட்டத்தை மட்டும் படிக்க என்னால் முடிவதில்லை.

எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தகப்பனார் காலத்தில் மலாயா ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பண்டக அறைச் சுவரில் தரையிலிருந்து 6 அடி 8 அங்குலம் அளந்து, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். "எங்கட பொடியன் இந்த உயரத்தைத் தாண்டினவன்" என்பார். பன்னிரண்டு வயதில் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று கையை முழுக்க நீட்டிப் பார்த்திருக்கிறேன். விரல் நுனி எட்டவில்லை. கை எட்டாத இடத்தில் ஒரு மனிதனின் கால் போயிருக்கிறது என்பதுதான் இந்த விளையாட்டில் நான் கற்ற முதல் கணக்கு.

அந்தப் பொடியனின் கணக்குக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்பணம் கட்டியவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருக்கிறார்கள்.

1895 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கில் மைக்கேல் ஸ்வீனி 1.97 மீட்டர் தாண்டினார். அந்த உயரம் பதினாறரை ஆண்டுகள் அசையவில்லை. 1912 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் ஜார்ஜ் ஹோரைன் அதை 1.98 ஆக்கினார். அடி அங்குலத்தில் பார்த்தால் கூடியது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அதைப் பதினாறரை ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரு தலைமுறையே முட்டி மோதிப் பெற்றது அவ்வளவுதான். ஆனால் ஹோரைன் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு மே 18 அன்று 2.00 மீட்டர். ஐம்பதே நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். அனைத்துலகத் தடகளச் சம்மேளனம் பிறந்த பிறகு முதலில் ஏற்றுக்கொண்ட உயரத் தாண்டல் சாதனை அந்த 2.00தான்.

பதினாறரை ஆண்டு அசையாதது ஐம்பது நாளில் எப்படி அசைந்தது? ஹோரைன் பயிற்சி செய்த வீட்டுக் கொல்லையில் ஒரே பக்கத்திலிருந்து மட்டுமே ஓடி வர இடம் இருந்தது என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தால் கோலுக்கு அருகில் இருக்கும் கால்தான் தரையை உதைக்க வாகாக இருக்கும். அன்றைய முறையோ கோலுக்குத் தூரத்துக் காலால் உதைத்துக் கத்தரிக்கோல் போலக் கால்களை மாற்றிப் போடுவது. ஹோரைன் அருகுக் காலால் உதைத்தார், பக்கவாட்டில் படுத்தபடி கோலைத் தாண்டி உருண்டார். 'மேற்கத்திய உருட்டல்' என்று பிறகு பெயர் வாங்கியது அதுதான். இடம் போதாத கொல்லை இல்லையென்றால் அந்த இரண்டு சென்டிமீட்டர் இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும்.

கத்தரிக்கோல் முறையில் உடல் நிமிர்ந்தபடி கோலைக் கடக்கிறது. இடுப்பு கோலைவிட ஒரு சாணுக்கு மேலே போயாக வேண்டும். படுத்து உருண்டால் உடலின் நடுப்புள்ளியைக் கோலுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். அதே உதை, அதே கால், ஆனால் கோல் கொஞ்சம் மேலே. ஹோரைனின் லாபம் முழுவதும் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வந்தது.

சரி, உதைக்கு எவ்வளவு செலவு? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிலோ எடையுள்ள ஒருவர். கால் தரையை விடும்போது உடலின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.30 மீட்டரில் இருக்கிறது, உச்சியில் 2.10 மீட்டரில். ஏற்ற வேண்டியது 80 சென்டிமீட்டர். 70 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.8 என்றால் 549 ஜூல். உணவுக் கணக்கில் 0.13 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம், 16 கிலோகலோரி. தசை தன் சக்தியில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு கரண்டிச் சர்க்கரையில் முப்பது முறை தாண்டலாம். தரையை விட்டு உச்சிக்குப் போக ஆகும் நேரம் 0.4 வினாடி. தீனியிலும் நேரத்திலும் பார்த்தால் உயரம் தாண்டுதலைப் போல மலிவான விளையாட்டு இல்லை.

செலவு கீழே வரும்போதுதான் தொடங்குகிறது.

அதே 70 கிலோ ஆள், அதே 2.10 மீட்டர் உச்சி. மணலில் காலால் இறங்குகிறார், முழங்கால் மடிந்து மணலும் விலகி அரை மீட்டரில் உடல் நிற்கிறது என்று வைப்போம். விழுந்த மொத்தத் தூரம் 1.6 மீட்டர், நின்ற தூரம் அரை மீட்டர். சராசரியாகத் தன் எடையைப் போல 3.2 மடங்கை அவர் தாங்க வேண்டும், அதாவது 220 கிலோவுக்கு மேல். அதையே மணலில் முதுகால் விழுந்தால்? மணல் பத்து சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தாலே அதிசயம். விழுந்த தூரம் 2 மீட்டர், நின்ற தூரம் 0.1 மீட்டர். இருபது மடங்கு, 1,400 கிலோ. முதுகெலும்பை அதற்கு நம்பிக் கொடுக்க முடியாது. நுரை மெத்தையில் முதுகால் விழுந்தால், 70 சென்டிமீட்டர் உயர மெத்தை 40 சென்டிமீட்டர் அமுங்கும் என்றால், நான்கேகால் மடங்கு. ஏறத்தாழ 300 கிலோ, அதுவும் முதுகு முழுவதும் பரவி.

இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 1,400க்கும் 300க்கும் உள்ள தூரத்தில்தான் இந்த விளையாட்டின் முழு வரலாறும் கிடக்கிறது என்று நான் நம்புகிறேன். ஸ்வீனியும் ஹோரைனும் தாண்டும் முன்பே எப்படி இறங்குவது என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. கால் முதலில் வர வேண்டும், இல்லையென்றால் கையும் காலும் சேர்ந்து ஊன்ற வேண்டும். கோலுக்கு மேலே உடலை எப்படி வளைப்பது என்பதை அவர்களுக்குத் தீர்மானித்தது கோல் அல்ல, கீழே கிடந்த மணல்.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஹோரைன் உலகச் சாதனையாளராகப் போனார். அமெரிக்க அணி நியூயார்க்கிலிருந்து 'பின்லாந்து' என்ற கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஓட்டக்காரர்களுக்காகக் கப்பல் தளத்தில் தக்கைப் பாதை போட்டிருந்தார்கள். போட்டியில் அவருக்குக் கிடைத்தது 1.89 மீட்டரும் வெண்கலமும். தன் சொந்த உயரத்தைவிட 11 சென்டிமீட்டர் குறைவு. தங்கம் அதே அணியின் ஆல்மா ரிச்சர்ட்ஸுக்கு, 1.93. வெள்ளி ஜெர்மனியின் ஹான்ஸ் லீஷேவுக்கு, 1.91. லீஷே அதுவரை கோலைத் தட்டாமலே வந்தவர். கடைசி முயற்சிக்குத் தயாராகி நின்ற நேரத்தில் ஓட்டப் பந்தயத் துப்பாக்கி வெடித்தது, பிறகு வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியது என்று அந்த மாலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடைசி முயற்சியில் கோல் விழுந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 2 சென்டிமீட்டர்.

அந்தப் போட்டியில் 1.87 தாண்டி நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர் ஜிம் தோர்ப். அதே ஸ்டாக்ஹோமில் ஐந்து போட்டித் தொடரிலும் பத்துப் போட்டித் தொடரிலும் தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர். ஒலிம்பிக்குக்கு முன் கோடை விடுமுறைகளில் சிறு ஊர்களில் பணம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருந்தார், வாரத்துக்கு 35 டாலர் வரை. அது வெளியில் தெரிந்ததும் 1913இல் இரண்டு தங்கங்களையும் பறித்தார்கள். பதக்கங்கள் அவர் குடும்பத்திடம் திரும்பி வந்தது 1983இல். தோர்ப் இறந்து அப்போது முப்பது ஆண்டு. முழு வெற்றியாளர் என்ற பெயர் திரும்பியது 2022இல்தான். 35 டாலருக்கு 110 ஆண்டு வட்டி. அந்தக் காலத்துத் தாண்டல்காரர்களின் கணக்கில் பணக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன். பணம் வந்தால் பதக்கம் போய்விடும். தாண்டலாம், ஆனால் தாண்டலை வைத்துச் சாப்பிட முடியாது.

ஸ்டாக்ஹோமோடு இன்னொரு கணக்கும் முடிந்தது. ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே தாண்டும் உயரத் தாண்டல் ஒலிம்பிக்கில் கடைசியாக நடந்தது அங்கேதான். அதன் பெரிய மனிதர் ரே யூரி. சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தவர். 1900 பாரிஸில் நின்ற இடத்திலிருந்து 1.65 மீட்டர் தாண்டினார். 1900, 1904, 1908 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் நின்று தாண்டும் போட்டிகளில் மட்டும் எட்டுத் தங்கம். ஓட்டம் இல்லை, வேகம் இல்லை. ஒரு காலத்தில் நடக்கவே முடியாத கால்களின் உதை மட்டும்.

இனி வேகமாகப் புரட்டுகிறேன், ஏனென்றால் எண்களே பேசும்.

1895இலிருந்து 1912 வரை: 1.97இலிருந்து 2.00. மூன்று சென்டிமீட்டர், 17 ஆண்டு.
1912இலிருந்து 1924 வரை: 2.00இலிருந்து 2.03. மூன்று சென்டிமீட்டர், 12 ஆண்டு.
1924இலிருந்து 1941 வரை: 2.03இலிருந்து 2.11. எட்டு, 17 ஆண்டு.
1941இலிருந்து 1956 வரை: 2.11இலிருந்து 2.15. நான்கு, 15 ஆண்டு. நடுவில் உலகப் போர்.
1956இலிருந்து 1963 வரை: 2.15இலிருந்து 2.28. பதின்மூன்று, ஏழே ஆண்டு.
1963இலிருந்து 1993 வரை: 2.28இலிருந்து 2.45. பதினேழு, 30 ஆண்டு.
1993 ஜூலை 27க்குப் பிறகு: பூஜ்யம்.

கியூபாவின் ஹாவியர் சோட்டோமயோர் ஸ்பெயினின் சாலமன்காவில் வைத்த 2.45 இன்றும் அங்கேயே நிற்கிறது. 98 ஆண்டில் 48 சென்டிமீட்டர். ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர்கூட முழுதாக வராது.

இந்தப் பட்டியலில் 1924ஆம் ஆண்டில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அந்த ஆண்டு மே 27 அன்று அமெரிக்காவின் ஹரோல்டு ஆஸ்பர்ன் 2.03 தாண்டினார். ஒரு கண்ணில் பார்வைக் குறை உள்ளவர். அதே கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலிலும் பத்துப் போட்டித் தொடரிலும் தங்கம் வென்றார். பத்துப் போட்டித் தொடரையும் ஒரு தனிப் போட்டியையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அவருடைய 2.03க்கு ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 அன்று, எங்கள் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துத் தாண்டல்காரர்கள் எல்லோரும் பிறகு இந்தப் பாலத்துக்கு இப்பக்கமும் அப்பக்கமும்தான் இருந்தார்கள். அதனால் நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாலத்துக்கு அப்பக்கத்தில் முதலில் வருபவர் லாயிட் வால்பர்க். 1922இல் பிறந்தவர், தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் சார்பில் போன ஒரே ஆள். அந்தத் தீவின் முதல் ஒலிம்பிக் வீரர் உயரம் தாண்டுதலுக்குப் போனவர் என்பது பலருக்குத் தெரியாது. அவருக்குப் பதினான்காம் இடம். தங்கம் ஆஸ்திரேலியாவின் ஜான் விண்டருக்கு, 1.98 மீட்டர். ஹோரைன் 1912 மார்ச்சில் தாண்டிய அதே 1.98. 36 ஆண்டு கழித்தும் ஒலிம்பிக் தங்கத்தின் உயரம் அங்கேயே இருந்தது. விண்டர் தாண்டிய முறை ஸ்வீனி காலத்துப் பழைய கத்தரிக்கோலின் ஒரு வகை. மணல் மாறாதவரை பழைய முறையும் சாகவில்லை. அறுபத்தெட்டு ஆண்டு கழித்து, ரியோவில் நீச்சலில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜோசப் ஸ்கூலிங்குக்கு வால்பர்க் தாத்தா முறை.

இப்போது யாழ்ப்பாணத்துப் பொடியன்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934 ஆகஸ்ட் 24 அன்று பிறந்தார், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தாண்டப் போனபோது அவருக்குப் பதினேழு வயது, பதினெட்டு முடிய இன்னும் சில வாரங்கள். அந்தப் போட்டியை 2.04 தாண்டி வென்றவர் அமெரிக்காவின் வால்ட் டேவிஸ். அவரும் சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் விழுந்து எழுந்தவர். நடக்க முடியாது என்ற காலிலிருந்து வந்த உயரத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை யாழ்ப்பாணம் திரும்பியது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் போனார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்துக்கொண்டே தாண்டினார். 1958இல் டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர், தங்கம். ஆசிய விளையாட்டுகளில் இலங்கை வென்ற முதல் தங்கம் அதுதான், அதுவும் ஒரு தமிழனின் காலால். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். தாண்டும் காலைவிடப் படித்த தலையை வைத்துத்தான் அவர் பிழைத்தார். தோர்ப் காலத்து விதி அவர் காலத்திலும் மாறவில்லை. 2024இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

டோக்கியோவின் 2.03ஐ என் நோட்டில் ஆஸ்பர்னின் 2.03க்கு நேர் எதிரே எழுதியிருக்கிறேன். அமெரிக்காவின் உச்சம் 1924இல் எங்கே இருந்ததோ, அங்கே ஆசியத் தங்கம் போய்ச் சேர 34 ஆண்டு ஆனது. அதற்குள் உலகச் சாதனை 2.16க்கு ஏறிவிட்டது. 13 சென்டிமீட்டர் பின்தங்கல். எங்கள் வாத்தியார் இந்தப் பின்தங்கலைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவருக்கு இரண்டாவது கட்டம் முக்கியம். ஆஸ்பர்னும் எதிர்வீரசிங்கமும் விழுந்தது ஒரே விதமான தரையில். இருவரும் நுரை மெத்தைக்கு முந்தியவர்கள். ஒரே தரையில் ஒரே உயரம் என்றால் இருவரும் சமம் என்பது அவர் வாதம். அன்று அது எனக்குப் புரியவில்லை. 1,400க்கும் 300க்கும் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது.

நுரை மெத்தை 1960களில் பரவியது. அமெரிக்காவின் ஓரிகனில் பள்ளிப் பையன் டிக் பாஸ்பரி கோலுக்கு முதுகைக் காட்டித் தாண்டும் முறையைக் கொண்டுவந்தார். மெத்தை இருந்ததால்தான் அது நிலைத்தது. 1968 மெக்சிகோவில் 2.24, தங்கம். முதுகால் விழலாம் என்று ஆன பிறகு, விழுவதைப் பற்றிய கவலை மனதிலிருந்து போய்விட்டது. உடலை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். நடுப்புள்ளி கோலுக்குக் கீழேகூடப் போகலாம்.

அளவுக் கணக்கும் ஒன்று போட்டேன். 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் ஒரு மணல் குழி என்றால் 7.5 கனமீட்டர், உலர்ந்த மணலில் 12 டன். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு போட்டி மெத்தை என்றால் 16.8 கனமீட்டர், நுரையின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் நானூறு கிலோகூட வராது. இரண்டு மடங்குக்கு மேல் இடம், முப்பதில் ஒரு பங்கு எடை. விலை மட்டும் தலைகீழ். மணல் லாரிக்கு வாடகை கொடுத்தால் போதும். தரமான மெத்தைக்குப் பல்லாயிரம் வெள்ளி. ரப்பர் மரம் சீவிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நுரை மெத்தை இல்லையா என்று யாராவது கேட்டால், அந்த நுரை பால் மரத்திலிருந்து வருவதல்ல, பெட்ரோலிய ரசாயனத்திலிருந்து வரும் பாலியுரித்தேன் என்று நான் விளக்க வேண்டியிருக்கிறது. கேள்வி மட்டும் நியாயமானது.

இப்போது ஜொகூர். 2008இல் மலேசியாவின் லீ ஹப் வெய் 2.27 தாண்டித் தேசியச் சாதனை வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். பிறகு 2019 தோகா உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் எட்டாம் இடம் பிடித்தார். அவருடைய 2.27ஐவிட மூன்று சென்டிமீட்டர் மேலே 2017 ஏப்ரல் 27 அன்று தாண்டியவர் ஜொகூரில் 1992இல் பிறந்த நவ்ராஜ் சிங் ரந்தாவா. 2.30 மீட்டர், சிங்கப்பூர் ஓப்பன் போட்டியில். ஜொகூரில் பிறந்தவர் பாலத்துக்கு அப்பக்கம் போய் எழுதிய எண். அந்த ஆண்டு லண்டன் உலகப் போட்டிக்கு நுழைவு உயரமும் அதே 2.30. மூன்று சென்டிமீட்டருக்கு மலேசியா கொடுத்த விலை ஒன்பது ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. ஸ்வீனி காலத்து வேகத்தோடு ஒப்பிட்டால் நல்ல வேகம்தான். அடுத்த ஆண்டு இந்தியாவின் தேஜஸ்வின் சங்கர் 2.29 தாண்டினார், நவ்ராஜைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு.

நோட்டில் நான் அடிக்கடி திறக்கும் பக்கம் வேறு. அதில் 1.89 என்ற எண் இரண்டு முறை வருகிறது. ஒன்று 1912, ஹோரைன், ஸ்டாக்ஹோம், வெண்கலம். இன்னொன்று 2016, மாரியப்பன் தங்கவேலு, ரியோ பாராலிம்பிக், தங்கம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பேருந்து வலது காலின் முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். மருத்துவத்துக்கு வாங்கிய கடன் மூன்று லட்சம் ரூபாய் என்றும், மகன் தங்கம் வென்ற நேரத்திலும் அது தீரவில்லை என்றும் செய்திகள் வந்தன. அந்தத் தங்கத்துக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது இரண்டு கோடி ரூபாய், மத்திய அரசு 75 லட்சம். தமிழ்நாட்டின் தொகையை மட்டும் 189 சென்டிமீட்டரால் வகுத்தால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம். அந்தக் கடன் முழுவதும் மூன்று சென்டிமீட்டரில் அடைந்துவிடும். ஆனால் அந்த மூன்று சென்டிமீட்டர் வரும்வரை குடும்பத்தைச் சுமந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்தக் கணக்கில் தனிக் கட்டம் போட வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பிறகு டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம், உயரத்தில் நான்கு சென்டிமீட்டர்தான் தேய்மானம்.

எங்கள் நாட்டிலும் பணக் கட்டம் இப்போது வெறுமையாக இல்லை. ஒலிம்பிக் தங்கத்துக்கு மலேசிய அரசு பத்து லட்சம் வெள்ளி, வெள்ளிப் பதக்கத்துக்கு மூன்று லட்சம், வெண்கலத்துக்கு ஒரு லட்சம் தருகிறது. 2016 முதல் பாராலிம்பிக்குக்கும் அதே அளவு. தோர்ப் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். காலால் பிழைப்பவன் காலுக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை.

என் கவலை பரிசுத் தொகைக்குக் கீழே இருக்கிறது. பிள்ளைக்குப் பத்து வயதில் கீழே என்ன விரித்திருக்கிறோம்? 'லொம்பாட் திங்கி' என்று மலாயில் பெயர் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மெத்தை வாங்கப் பணம் கேட்டு எழுதிய கடிதம் எட்டு ஆண்டு பதில் இல்லாமலே கிடந்தது. அந்த எட்டு ஆண்டும் பிள்ளைகள் கத்தரிக்கோல் முறையில்தான் தாண்டினார்கள். முதுகால் தாண்ட நான் அனுமதிக்கவே இல்லை. சில பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் திருட்டுத்தனமாக முதுகைத் திருப்புவார்கள். என் குரல் திடலின் மறுகோடி வரை கேட்கும்படி கத்துவேன். 1,400 கிலோவை அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மாவட்டப் போட்டிக்குப் போனால் மெத்தை இருக்கும். மெத்தையில் முதுகால் தாண்டிப் பழகிய பிள்ளைகளுக்கு எதிரே எங்கள் பிள்ளைகள் ஸ்வீனி காலத்து முறையில் தாண்டி ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து, மணல் ஒட்டாத காலோடு சிரித்துக்கொண்டு பேருந்து ஏறுவார்கள்.

இப்போது நான் ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் போட்டி விளையாட்டு நெருங்கினால் கூப்பிடுவார்கள், போவேன். அங்கேயும் மணல்தான். ஜொகூரின் மழைக்கு ஒரே வாரத்தில் அது சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். இறுகிய மணலில் நின்ற தூரம் அரை மீட்டரிலிருந்து பாதியாகிவிடும், மடங்கு ஏறிவிடும். ஆகவே தாண்டும் நாள் காலையில் முதல் வேலை மண்வெட்டி. மேலே 30 சென்டிமீட்டராவது கொத்திப் பொலபொலப்பாக்க வேண்டும். அதே 5க்கு 3 மீட்டர் குழி என்றால் 4.5 கனமீட்டர். ஒரு வீச்சுக்கு ஐந்து லிட்டர் மணல் புரண்டால் 900 வீச்சு. ஆறாம் ஆண்டுப் பையன்கள் ஆறு பேர் மாறி மாறிப் பிடித்தால் தலைக்கு 150. போன முறை அதை முடித்துவிட்டு மூங்கிலை 1.05இல் வைத்தோம்.